பதினோராம் நம்பர் துண்டு

பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒரே காலையில் பின்னல் போட்டு, பன்னிரண்டு டிபன் பாக்ஸையும் மூடி மாறாமல் கொடுத்தனுப்புவதுதான் என் தொழில்.

திருநின்றவூரில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீடு. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களோடு தங்கியிருக்கும் இல்லத்தாய் நான், பிள்ளைகளுக்குப் பெரிம்மா. ஏழாவதோடு படிப்பை விட்டவள். ஸ்கூல் வேன் ஐந்து நிமிடம் தாமதமானாலே வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறவர் நீங்கள் என்றால், நாம் ஒரே கட்சி.

எனக்கு முன்னாடி யாரு?

பன்னிரண்டு பேர் துணியையும் ஒன்றாகத் துவைக்கிறோம். அதனால் ஆளுக்கொரு நம்பர். பாவாடை, துண்டு, அலமாரி, தட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரால் எழுதிவிடுவேன். மேகலா பத்து வயதில் வந்தாள். பதினோராம் நம்பர் காலியாக இருந்தது. அந்தத் துண்டைக் கொடுத்தேன்.

அவள் நம்பரைத் தடவிப் பார்த்து, "எனுக்கு முன்னாடி இது யாருது?" என்றாள். ஒரு அக்கா வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று சொன்னேன். துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த அக்கா திரும்பி வந்துச்சுன்னா நான் எங்க போறது?"

இரண்டு தடவை

ஃபாஸ்டர் என்றால் தத்து இல்லை. ஒரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும். குழந்தைகள் நலக் குழு விசாரித்து உத்தரவு போடும்; ஒத்துவராவிட்டால் பிள்ளை திரும்பி வந்துவிடும். மேகலா அப்படி இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வந்தாள். முதல் வீட்டில் டிவியை உடைத்தாள். இரண்டாவது வீட்டு அம்மாவின் கையைக் கடித்தாள். மூன்றாவது தடவையும் இப்படி ஆனால், வேறு மாவட்டத்தில் இருக்கும் பெரிய விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று எங்கள் சமூகப் பணியாளர் கௌதமி மேடம் சொல்லிவிட்டார்.

"அவ்வளவு நல்ல மனுஷங்கம்மா. ஏன் கடிச்சே?" என்று மேகலாவிடம் கேட்டேன். அவள் ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அவங்க துரத்துறதுக்குள்ள நானே வந்துட்டேன், பெரிம்மா."

கேசரி

மூன்றாவதாக வந்தவர் விஜயா. தென்காசிப் பக்கம், வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஆவடி ஃபேக்டரியில், குடியிருப்பது குவார்ட்டர்ஸில். கோபம் தாங்காத பிள்ளைகளை வளர்ப்பதற்கென்று தனியாகப் பயிற்சி இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் லீவு போட்டு உட்கார்ந்து அதைப் படித்தவர்கள்.

மேகலாவைப் பார்க்க வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விஜயா கேசரி கொண்டுவந்தார். மேகலா தட்டோடு தூக்கி எறிந்தாள். விஜயா என்னிடம் ஒரு பழந்துணி கேட்டு வாங்கி, தரையில் சரியாகப் பாதியைத் துடைத்தார். பிறகு துணியை மேகலா பக்கம் நீட்டினார். "மீதி உனக்கு, பிள்ள. அடுத்த வாரமும் எறியணும்னா முன்னாடியே சொல்லு. கேசரி வேண்டாம், முறுக்கு சுட்டுட்டு வாரேன். பெருக்கத் தோதா இருக்கும்."

நான் செய்த காரியம்

நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. உத்தரவும் வந்தது. விஜயா புதுச் சுடிதார் இரண்டும் பூப்போட்ட துண்டு ஒன்றும் அனுப்பியிருந்தார். கிளம்புகிற அன்று காலையில் பை அடுக்கினேன். கை பழகின கை. எதையோ நினைத்துக்கொண்டே மூன்றிலும் '11' என்று எழுதி முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் உறைத்தது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், தைலம் போட்டுத் தேய்த்தேன். மை போகவில்லை, நம்பரைச் சுற்றிப் பரவியது.

மேகலா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் திரும்பி வரசொல்லோ துணி மாறக்கூடாதுன்னுதானே எழுதிக்கீறே, பெரிம்மா?"

பூட்டிய கதவு

புது வீட்டில் பிள்ளை ஒட்டும்வரை நாங்கள் போன் செய்யக் கூடாது. வாரா வாரம் போய் வரும் கௌதமி மேடம் சொல்வதுதான் எனக்குச் செய்தி. ஒரு வாரம் டம்ளர் உடைந்தது. இன்னொரு வாரம் பள்ளியில் சண்டை. நான் பதினோராம் நம்பர் அலமாரியை யாருக்கும் கொடுக்காமல் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

ஒருநாள் மேகலா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். விஜயாவின் வீட்டுக்காரர் கதவைத் தட்டவில்லை, அதட்டவில்லை. வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அன்றைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தாராம். இரண்டு மணி நேரம். கடைசியில் என்ன ஆனது என்று மேடம் கேட்டதற்கு அவர் சொன்னது: "ராசிபலன் வரைக்கும் வாசிச்சிட்டேன். தனக்கு என்ன ராசின்னு கேக்கத்தான் கதவத் தொறந்தா. தெரியலைன்னா என் ராசியவே வச்சிக்கோன்னுட்டேன்."

கொடியில் மூன்று

மேகலா அங்கேயே இருப்பதா என்று குழு மறுபடி கூடி முடிவெடுக்க ஒரு வாரம் இருந்தபோது, என்னையும் ஒரு தடவை பார்த்து வரச் சொன்னார் மேடம். ரயிலில் ஆவடி போய் இறங்கும்வரை, எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது என்று ஒரே கவலை.

வாசல் கொடியில் மூன்று துண்டுகள் காய்ந்தன. மூன்றின் மூலையிலும் கறுப்பு மையில் நம்பர். நான் தொடங்கி வைத்த வியாதி. "இவதான்க்கா எழுதினா. அவுக துண்டையும் விடல" என்று சிரித்தார் விஜயா. கிட்டே போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் துண்டில் 3. விஜயா துண்டில் 2. பூப்போட்ட துண்டில் நான் எழுதிய 11. அதில் ஒரு ஒன்றை மட்டும் மேகலா அடித்துவிட்டு 1 ஆக்கியிருந்தாள்.

"ஏம்மா இப்படி?" என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மேகலா, விவரம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "துண்டு மாறிடக் கூடாதுல்ல பெரிம்மா. எங்க ஊட்டுல மூணு பேரு கீறோம்."

அடுத்த வாரம் குழு உத்தரவை நீட்டித்தது. பதினோராம் நம்பர் அலமாரியில் இப்போது இன்னொரு சின்னப் பெண் இருக்கிறாள்.

போன பிள்ளை திரும்பி வரவில்லை என்று சந்தோஷப்பட்டு மூக்கைச் சிந்துகிற தொழில் இது. பிள்ளை கிளம்புகிற நாளில் மட்டும் மார்க்கர் பேனாவை என் கண்ணில் படாமல் கௌதமி மேடம் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுவிடுகிறார்.