அண்ணனின் தலைச்சுற்றலும் என் உயிரியல் பாடமும்

உளவியலில் சேர்ந்தால் உயிரியலிலிருந்து தப்பிவிடலாம் என்று நம்பியிருந்தேன். தவளை வேண்டாம், எலும்புக்கூடு வேண்டாம், மனசு போதும். ஆனால் முதல் வருடமே மூளை, நரம்பு, காது என்று ஒரு தாள் வந்து நின்றது. மனசுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்!

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குத் தலை சுற்றியது. அவர் இராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டுபவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய படகின் அடியில் நின்று, அண்ணாந்து பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் உலகமே சுழன்றதாம். தடை முடிவதற்குள் சரியாகாவிட்டால் படகுக்கு வேறு டிரைவர். மதினி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். நான் விடுவேனா? போன முறை கடலில் சூறைக்காற்றில் மாட்டிய பயம்தான், படகைப் பார்த்ததும் கிளம்புகிறது என்றேன்.

"கண்ண மூடுண்ணே. அலைய நெனச்சு மெதுவா மூச்ச இழு."

"அலைக்கு என்னடி? அது பாட்டுக்குக் கெடக்கு. சுத்துறது நானு!"

தேர்வுக்காக வேறு வழியின்றிப் பேருந்தில் அந்தக் காதுப் பாடத்தைப் புரட்டினேன். உள்காதில் மணல் போலச் சுண்ணாம்புத் துகள்கள். இடம் நழுவினால், தலையைச் சாய்க்கும்போது மூளைக்குப் பொய்த் தகவல் போகும். பாம்பன் பாலத்தின் நடுவில் கத்திவிட்டேன்.

"என்ன பாப்பா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்றார் நடத்துநர்.

"இல்லண்ணே, கண்டுபிடிச்சிட்டேன்!"

உடனே மதினிக்குப் போன். "படுத்துப் புரண்டாலும் அண்ணனுக்குச் சுத்துதா?"

"எம்பக்கம் திரும்புனா சுத்துதாம். அதான் செவுத்தப் பாத்தே படுக்காராம், கேட்டா இப்பத்தான் சொல்றாரு. எம்மேல கோவம்னுல்ல நெனச்சேன்!"

இராமநாதபுரத்தில் காது டாக்டர் அண்ணனைப் படுக்கவைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. எழுந்து நின்ற அண்ணன் மேலே சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "அது மட்டுந்தான் சுத்துது!" என்றார். எனக்குத்தான் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

தடை முடிந்த முதல் நாளே படகை அவர்தான் ஓட்டிப் போனார். கரை திரும்பிய அன்று மதினி போனில் கூப்பிட்டார்.

"மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துட்டாருடி."

"சுத்துதாமா?"

"இல்லையாம். காதுல மண்ணுன்னு தெரு முழுக்கச் சொல்லிவச்சியாமே, எல்லாரும் கேலி பண்றாங்களாம்."

"அப்பாடா! அது வெறும் கோவம் மதினி. காது இல்ல, மனசு. இது எங்க பாடந்தான்."