இலுப்பையடிச் சந்தியில் எழுந்த மலை

மீனாம்பிகை பஸ்ஸில் ஏறுவதில்லை. அதுவரை நடந்தே போய்வந்தவள் ஒருநாள் கத்தரிக்காய் நிறைந்த பனையோலைக் கடகத்தோடு ஏறியபோது, "கடகத்தைக் கூரைக்கு மேலை போடு" என்றான் கண்டக்டர். "கடகம் மேலை போனால் நானும் மேலைதான் வருவன்" என்றாள் இவள். பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கியவள் இறங்கியவள்தான். அதன்பிறகு பத்தொன்பது வருஷம், பண்டத்தரிப்புப் பக்கத்துத் தன் ஊரிலிருந்து சங்கானைச் சந்தைக்கு, தலையில் கடகத்தோடு நடைதான். அந்தக் கண்டக்டர் பென்ஷன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபம் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

அவளுடைய புருஷன் பொன்னம்பலம் தோட்டக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். கதைப்பதற்கு அந்த வீட்டில் அவருக்கு முறை வருவதில்லை என்றும் சொல்வார்கள். அவர் விளைவிப்பார், அவள் விற்பாள். பிள்ளைகள் மூன்று. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், சந்தையில் அவளைப் பேய்க்காட்டி ஏமாற்றிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

வீட்டிலிருந்து ஒன்றரைக் கட்டைத் தூரம் நடந்தால் இலுப்பையடிச் சந்தி. அந்த இடத்தில் கழுத்துப் பிடிக்கத் தொடங்கும். அந்த இடத்தில்தான் சுமைதாங்கியும் நின்றது. இரண்டு கல்தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். கழுத்தளவு உயரம் என்பதால், கடகத்தை இறக்கப் பிறர் கை தேவையில்லை. கல்லோடு ஒட்டி நின்று தலையைச் சரித்தால் சுமை தானாகவே கல்லில் போய் இருக்கும். மூச்சு வாங்கி, வெற்றிலை போட்டு, முந்தின நாள் நடந்த சண்டையின் மிச்சத்தைப் பேசி முடித்து, மறுபடி தலையைக் கொடுத்தால் போகலாம்.

அந்தக் கல் மீனாம்பிகையின் அக்கா செல்வநாயகிக்காக வைத்தது. செல்வநாயகி நிறைமாதத்தில், பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோனாள். அப்படிப் போனவளுக்குச் சுமை இறங்குவதில்லையாம். வழியில் போகிறவர்கள் அவள் பெயரால் வைத்த கல்லில் தங்கள் சுமையை இறக்க இறக்க, அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்குமாம். அதனால் மீனாம்பிகை, கழுத்து நோகாத நாளிலும் அந்த இடத்தில் கடகத்தை இறக்காமல் போனதில்லை. இருபத்தாறு வருஷமாய் அக்காவின் சுமையை இறக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

கல்லை வைத்தவர் செல்வநாயகியின் புருஷன் சோமசேகரம். வைத்த கையோடு, குளிர் மிகுந்த மலைநாட்டு நுவரெலியாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் போனார். இரண்டாம் தாரமாகக் கொக்குவிலில் மகாதேவியைக் கட்டினார். ஐம்பத்தைந்து வயதில் பென்ஷனோடும் ஒரு கம்பளிச் சட்டையோடும் திரும்பி வந்து சந்தியிலேயே வீடு கட்டினார். வந்து இரண்டாம் வருஷம் கிராமச் சபைக்குத் தலைவரானார். சித்திரை வெயிலிலும் அந்தக் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. கழற்றினால் நுவரெலியாவில் இருந்தவர் என்பதை ஊர் மறந்துவிடும் அல்லவா?

அறுபத்தாறாம் வருஷம் ஆவணி மாதம், வாசிகசாலையில் கூட்டம் போட்டார்.

"மார்கழி பிறந்தால் நுவரெலியாவிலை எப்பிடி இருக்கும் தெரியுமோ? மலையெல்லாம் விளக்கு. மரமெல்லாம் விளக்கு. எங்கடை சந்தியிலை என்ன இருக்கு? ஒரு சைக்கிள் கடை, ஒரு கள்ளுக் கொட்டில். எங்களுக்கும் மார்கழிக்கு ஒரு விளக்கு விழா வேணும்" என்றார்.

"விளக்கு வைக்கலாம், தலைவர். மலைக்கு எங்கை போறது?" என்று கேட்டார் சித்திர வாத்தியார் தில்லைநாதன். அவர்தான் சபைக்குச் செயலாளர்.

"கட்டுவம்" என்றார் சோமசேகரம்.

ஏணி வைத்துப் பனையில் ஏறினால்தான் அடுத்த ஊர் தெரியும் என்கிற தட்டை நிலத்தில் மலை கட்டுவதென்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. வடை இன்னும் வந்து முடியவில்லை.

பிறகுதான் சிக்கல்கள் தொடங்கின. மலை என்றால் கைலாயம், உச்சியில் சிவன் இருக்க வேண்டும் என்றார் ஒருவர். சிவன் இருந்தால் அது கோயில், கோயில் என்றால் யார் தர்மகர்த்தா என்றார் இன்னொருவர். ஏற்கெனவே ஊரில் இரண்டு கோயில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவதைத் தாங்க, வழக்குப் பேசும் அப்புக்காத்துமாருக்கே நேரமில்லை. ஆகவே சாமி இல்லாத மலை என்று முடிவாயிற்று. அருவி வேண்டும் என்றார் தலைவர். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு, வெள்ளைத் துணி தொங்கவிடலாம் என்றார் வாத்தியார். உச்சியில் உறைபனிக்கு இலவம் பஞ்சு. மான் இரண்டு வைப்பதா, பசு இரண்டு வைப்பதா என்பதற்கு மூன்று கூட்டம் போனது. நுவரெலியா மலையில் உறைபனி மூடிக் கிடக்குமா என்று ஒருவரும் தலைவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அங்கே குளிருக்குள் விடிய எழும்பாமல் கிடந்த மனிதர் என்ன சொல்லியிருப்பாரோ!

கடைசியில் மேசன் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை.

"மலை எண்டால் எத்தினை முழம், ஐயா?"

"பதினைஞ்சு அடி காணும்."

"உள்ளுக்குத் தண்ணி நிக்குமோ?"

"மலைக்குள்ளை ஏன் காணும் தண்ணி?"

"அப்ப என்னத்துக்கு உந்த மலையைக் கட்டுறியள்?" என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை. உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் கேட்டார். வாத்தியார் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

இடம் பார்த்தபோதுதான் சுமைதாங்கி தட்டுப்பட்டது. நாலு தெருவுக்கும் தெரிகிற நடு இடம் அதுதான். 'சந்தியில் உள்ள பழைய கல்லொன்றை அகற்றுதல்' என்று வாத்தியார் அழகான எழுத்தில் எழுதினார். அந்தச் செய்தி வாசிகசாலையை விட்டு வெளியே வர அரை நாள். மறுகூட்டத்தில் மீனாம்பிகை வாசலில் வந்து நின்றாள், தலையில் கடகத்தோடு.

"என்ன மச்சாள், இஞ்சாலை?" என்றார் சோமசேகரம். அந்த உறவைக் கூட்டத்தில் சொல்ல அவருக்கு அவ்வளவு விருப்பமில்லை. தலைவரின் மச்சாள் தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறாள் என்பதை நுவரெலியாவில் ஒருவருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை.

"அந்தக் கல்லு ஆருக்கு வைச்சது எண்டு தெரியுமோ, அத்தான்?"

"அது... பழைய கல்லு. பஸ் ஓடுற காலத்திலை ஆர் இப்ப தலையிலை சுமக்கினம்?"

"நான் சுமக்கிறன். பாக்கிறியள்தானே? கல்லு ஆருக்கு வைச்சது, சொல்லுங்கோ."

தலைவர் இருமினார். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டினார். "அடுத்த விஷயம் என்ன, செயலாளர்?" என்றார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் திரும்பவும் வாயால் சொல்ல இருபத்தாறு வருஷமாய் அவருக்கு வரவில்லை. மீனாம்பிகைக்கு அது விளங்கியது. விளங்கியதற்காக விட்டுக்கொடுக்கிற சாதி அவள் இல்லை.

கல்லை உடைக்க ஆழ்வாப்பிள்ளை மறுத்துவிட்டார். "பிள்ளைத்தாய்ச்சிக்கு வைச்ச கல்லு. உந்தக் கல்லை உடைச்ச கையாலை நான் பிறகு ஒரு தொட்டி கட்டேலாது. ஒழுகும்" என்றார். வேறு மேசன்மாரும் அதையே சொன்னார்கள். வாத்தியார் வழி கண்டுபிடித்தார்: கல்லை உடைக்காமல் அதன்மேலேயே மலையைக் கட்டிவிடலாம். கமுகஞ் சிலாகையில் கூடு, அதன்மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலை, அதன்மேல் சீமெந்துப் பாலில் தோய்த்த சாக்கு. கல்லும் இருக்கும், மலையும் இருக்கும். சபை கை தட்டியது.

ஐப்பசி கடைசியில் கல் மலைக்குள்ளே போனது.

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார் தலைவர். வாசற் படலையடியில் சத்தம்.

"அத்தான், ஒருக்கா வந்து இறக்கி விடுங்கோ."

"என்னத்தை?"

"கடகத்தை. கல்லை மூடிப்போட்டியள். நான் பின்னை ஆரைக் கேக்கிறது?"

வீட்டுக்கு வந்த மச்சாள் தலைச்சுமையோடு நிற்க, இல்லையென்று சொல்ல முடியுமா? எழுந்துபோய் இறக்கினார். அவளுக்குப் பின்னால் பதினேழு பெண்கள் வரிசையாய் நின்றார்கள். பூசணிக்காய், மரவள்ளிக்கிழங்கு, வாழைக்குலை.

"தலைவர் ஐயா, இதையும் ஒருக்கா."

"ஐயா மெல்லமா, உள்ளுக்கு முட்டை."

"என்னையும் ஒருக்காப் பாருங்கோ ஐயா, நானும் வோட்டுப் போட்டனான்."

இறக்கினால் போதாது, மூச்சு வாங்கியபிறகு தூக்கியும் விடவேண்டும். எட்டாம் நாள் தலைவர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். மகாதேவி நல்லெண்ணெய் போட்டு முதுகைத் தேய்த்தாள்.

"அந்தப் பெண்டுகள் கேக்கிறதிலை என்ன பிழை? கல்லைத்தானே கேக்கினம்" என்றாள்.

"மலையிலை ஒரு தட்டு வைக்கச் சொல்லுறன்" என்றார் தலைவர் தலையணைக்குள்ளிருந்து.

மலைக்கு மோவாய் முளைத்ததுபோல் இருக்கும் என்று வாத்தியார் வருந்தினார். ஆனால் தலைவரின் முதுகு வென்றது. ஆழ்வாப்பிள்ளை மலையின் பக்கத்தில் கழுத்தளவில் ஒரு தட்டு நீட்டினார். "கடகம் ஒண்டு தாங்கும். ரண்டு தாங்கும். மூண்டுக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அது குறிப்புப் புத்தகத்தில் ஏறவில்லை.

மற்றப் பெண்கள் சுமை இறக்கத் தட்டைப் பாவித்தார்கள். மீனாம்பிகை பாவிக்கவில்லை. மலையைத் தாண்டும்போது ஒரு கணம் நிற்பாள். "அக்கா உள்ளுக்கு இருக்கிறா. சாக்கிலை நான் இறக்க மாட்டன்" என்பாள். இறக்காமலே சந்தைவரை நடந்தாள். கார்த்திகை முழுக்க அவள் கழுத்து வீங்கியிருந்தது. பொன்னம்பலம் ஒருநாள் வாய் திறந்து, "நீ பஸ்ஸிலை போவன்" என்றார். அவள் பார்த்த பார்வையில் பிறகு தைமாதம்வரை அவர் கதைக்கவில்லை.

கார்த்திகை மழை மலையை ஊறவைத்தது. மான் இரண்டும் பச்சையாய்ப் பாசி பிடித்தன. உச்சிப் பஞ்சைக் காகங்கள் கூட்டுக்கு எடுத்துப்போக, திரும்பவும் ஒட்டினார்கள். 'மலை உபயம்', 'மான் உபயம்', 'அருவி உபயம்' என்று கொடுத்தவர்கள் பெயரெல்லாம் பலகையில் எழுதி மாட்டியபோது, மலையில் பாதிக்கு மேல் பெயர்ப்பலகைதான் தெரிந்தது. நாலு பக்கமும் சிவப்பு, பச்சை, நீல மின்குமிழ்கள். மின்சாரத்துக்கு லைற் எஞ்சின் வந்து வேலியோரம் நின்றது.

மார்கழி முதலாந் தேதி பின்னேரம் விழா. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோரொன்றிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்து சுவிச்சைப் போடுவதாக ஏற்பாடு. ஐந்தரைக்கு வருவார் என்றிருந்தவர் ஐந்துக்கே வந்துவிட்டார். கார் தெருமுனையில் திரும்பிய அதே நேரம், சந்தைக்குப் போன பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தலையில் புண்ணாக்கு, தவிடு, அரிசி. தெரு முழுக்கச் சுமை.

தலைவருக்குப் பதறியது. "வழியை விடுங்கோ! கார் வருகுது! சுமையெல்லாம் மலையிலை வைச்சிட்டு அங்காலை போங்கோ! கெதியா!"

"எல்லாத்தையுமோ, ஐயா?"

"எல்லாத்தையும்! எல்லாத்தையும்!"

தலைவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? பதினைந்து சுமை, ஒன்றன்மேல் ஒன்றாய்த் தட்டில் ஏறியது. மீனாம்பிகை மட்டும் தன் புண்ணாக்குச் சாக்கைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினாள்.

மலை முதலில் ஒரு பெருமூச்சு விட்டது. ஊறிய சாக்கு கிழிந்தது. சிலாகை ஒன்று முறிந்தது, பிறகு மற்றவை. அருவி, மான், உறைபனி, உபயகாரர் பெயர்கள் எல்லாம் மெதுவாக, மரியாதையாக, வடக்குப் பக்கம் சரிந்து இருந்துவிட்டன. புழுதி அடங்கியபோது நடுவில் சுமைதாங்கி நின்றது. ஒரு கீறல் இல்லை. மின்குமிழ் வயர் மட்டும் அதன்மேல் மாலைபோல் விழுந்திருந்தது.

கார் வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். மகாதேவி மாலைத் தட்டோடு நின்றாள். வேறு செய்வதறியாமல் வாத்தியார் சுவிச்சை அவர் கையில் கொடுக்க, அவரும் போட்டார். எரியக்கூடிய குமிழ்கள் கல்லின்மேல் எரிந்தன.

பெரியவர் கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். "அபாரம்," என்றார். "மற்ற ஊர்களில் கோபுரம், யானை என்று ஆடம்பரம். நீங்கள் இரண்டு தூணும் ஒரு கல்லும் வைத்திருக்கிறீர்கள். சுற்றிவரச் சிதைவு, நடுவிலே உறுதி. என்ன கற்பனை! இது யாருடைய வேலை?"

வாத்தியார் அடக்கமாகத் தலை குனிந்தார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.

"யாருடைய நினைவாக வைத்தீர்கள்?" என்று தலைவரைக் கேட்டார் பெரியவர்.

சோமசேகரம் கல்லைப் பார்த்தார். இருமினார். கை பொத்தானுக்குப் போனது. பொத்தான் ஏற்கெனவே பூட்டியிருந்தது.

"சொல்லுங்கோவன்," என்றாள் மகாதேவி. "நான் என்ன, தெரியாமலோ உங்களைக் கட்டினனான்?"

"செல்வநாயகிக்கு" என்றார் அவர்.

"முழுக்கச் சொல்லுங்கோ, அத்தான்" என்றாள் வேலியோரம் நின்ற மீனாம்பிகை.

"என்ரை பெண்சாதி. பிள்ளையோடை போனவள்." சொன்னபிறகு அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வியர்த்திருந்தது.

பெரியவர் பேசவென்று கொண்டுவந்த கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மீனாம்பிகை அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். கல்லோடு ஒட்டி நின்றாள்.

"அக்கை, வயர்! வயர் கவனம்!" என்று கத்தினான் லைற் எஞ்சின்காரன்.

"உன்ரை வயரை எடு, தம்பி. எனக்கு இடம் வேணும்" என்றாள்.

அவன் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தி வயரை இழுத்தான். அவள் தலையைச் சரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு, புண்ணாக்குச் சாக்கு கல்லில் போய் இருந்தது.