குறுக்குக் கம்பு

அப்பாவைத் திருவிழாப் பூசைக்குக் கூட்டிப்போக வேண்டும். தங்கை ஸ்டெல்லாவின் காரில் ஒரு சின்ன வேலை இருந்தது. என்ஜினுக்கு மேலே வண்டியின் இரண்டு பக்கத்தையும் அசையாமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பியைக் கழற்றினேன். வேலை முடிந்து திரும்ப வைத்தால் போல்ட் ஓட்டைகள் சேரவில்லை. வண்டி ஜாக்கியில் உயர்ந்து நின்றது. கையில் கம்பியோடு நின்றபோது எங்கள் ஏலத்தோட்டத்து லயத்து வீட்டுத் தொட்டில் ஞாபகம் வந்தது.

அது அம்மாவின் சேலையில் கட்டிய தொட்டில். துணி முகத்தில் மூடாமலிருக்க அப்பா ஒரு காப்பிச்செடிக் கம்பைக் குறுக்கே கொடுத்திருந்தார். உள்ளே கைக்குழந்தை ஸ்டெல்லா. ஏலக்காய் மூட்டை சுமக்கும் அப்பா அவளைத் தூக்கியதே இல்லை. "முரட்டுக் கை, நழுவிரும்" என்பார்.

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது கம்பு விழுந்து துணி மூடிக்கொண்டது. ஸ்டெல்லா வீறிட்டாள். அப்பா கம்பை நுழைத்துப் பார்த்தார். பிள்ளையின் பாரத்தில் துணி விரியவில்லை. வேறு வழியில்லாமல் அவளைத் தூக்கித் தோளில் போட்டார். கம்பு உடனே பொருந்தியது. ஏலக்காய் வாசமடித்த சட்டையில் முகம் வைத்து அவள் உறங்கிப்போனாள்.

அம்மா குடத்தோடு வந்தாள். "கம்புதான் மாட்டியாச்சே, பிள்ளையத் தொட்டில்ல போடுங்க."

"இருக்கட்டும்டி."

"நழுவிராதா?"

அப்பா அவளை இறக்கவில்லை.

பாரம் மாறியதும் கம்பு பொருந்தியதை நினைத்துக்கொண்டு நான் ஜாக்கியை இறக்கினேன். சக்கரங்கள் தரையில் ஊன்றியதும் கம்பி ஓட்டைகளில் உட்கார்ந்தது. வாசலில் ஸ்டெல்லா ஒரு கையைத் தாங்கியிருக்க, தளர்ந்துபோன அப்பா மறு கையால் சுவரைப் பிடித்தபடி தயங்கி நின்றார்.

"செவுத்த விடுங்கப்பா, நான்தான் பிடிச்சிருக்கேன்ல" என்றாள் ஸ்டெல்லா.

அப்பா சுவரை விட்டார்.