போஞ்சித் தோட்டத்தில் பெண் பார்த்தது

என் சிநேகிதனுக்குப் பெண் பார்க்கப் போன அந்தத் தை மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் அப்போது கண்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதே தெருவில் புடவைக் கடையொன்றில் வேலை பார்த்தான். ஹேவாஹெட்டவுக்கு மேலே மலையிடுக்கில் மரக்கறித் தோட்டம் செய்யும் ஒருவருடைய மகளை அவனுக்குப் பேசியிருந்தார்கள். கூடப் போகவேண்டிய தாய்மாமனுக்குக் கடைசி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது.

"பொண்ணோட அப்பாவே குறிச்சுக் குடுத்த நாளுடா. மாத்த முடியாது, நீ வா" என்று என்னைப் பிடித்துக்கொண்டான்.

முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய லீவு அது. கலகெதரவில் அக்கா வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். அதை விட்டுவிட்டுப் போனேன்.

கண்டியில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். அவன் கோட்டும் புதுச் சப்பாத்தும் போட்டிருந்தான். நான் மெல்லிய சட்டையோடு கிளம்பிவிட்டேன். மேலே ஏற ஏறப் பல் கிட்டத் தொடங்கியது. அன்றிரவு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவனுடைய சின்னம்மா வீட்டில் தங்கினோம். ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள். அது குளிருக்குப் போதவில்லை. ராத்திரி முழுவதும் ஒருவர் கம்பளியை ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தோம்.

விடியற்காலையில் சின்னம்மா வெளியே போய் வந்து, "புல்லெல்லாம் வெளுத்துக் கெடக்கு. வெயில் ஏறட்டும், அப்புறம் போங்க" என்றார்.

"நல்ல நேரம் முடிஞ்சிரும் சின்னம்மா" என்று அவன் சப்பாத்தை மாட்டினான்.

பனி என்றால் எனக்கு அதுவரை மூடுபனிதான். அன்று புல் நுனியில் உப்புப் பூத்தாற்போல் நின்றதைத் தொட்டேன், விரல் சுட்டது. ஒற்றையடிப் பாதையில் அவன் இரண்டு தரம் வழுக்கி விழுந்தான். கோட்டின் பின்புறமெல்லாம் சேறு. விழும்போதெல்லாம் என்னையே முறைத்தான்.

பெண் வீட்டு வாசலில் நாங்கள் உட்கார இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஆளைத்தான் காணவில்லை. கீழே தோட்டத்தில் ஒரே கூச்சல். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வாளியோடு ஓடி வந்தார். அவர்தான் பெண்ணின் தகப்பனார்.

"வாங்க தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வெயில் படுறதுக்குள்ள எலையில இருக்கிற பனியக் கழுவி விடணும். இல்லாட்டி எல்லாம் கருகிரும்."

சொல்லிக்கொண்டே ஒரு வாளியை என் கையில் திணித்தார். இன்னொன்றை மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டான், வேறென்ன செய்வது?

ஓடையில் மொண்டு மொண்டு ஊற்றினோம். போஞ்சி அவரைக் கொடிகள் விறைத்துக் கம்பியாய் நின்றன. என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போலாகிவிட்டன. குடத்தோடு மூன்று பெண்கள் எங்களைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். மூவரும் தலையிலிருந்து சாக்கைப் போர்த்தி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார்கள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவர்களில் ஒருத்தி என் சிநேகிதனிடம், "அடியில ஊத்தாதீங்க, எலை மேல ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

"இதுல யாருடா பொண்ணு?" என்று என் காதில் கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா பாத்துச் சொல்லுடா."

நான் பார்த்தேன். சாக்குதான் தெரிந்தது.

மேட்டுக்கு மேலே வெயில் வந்தது. ஊற்றி முடித்த வரிசைகள் ஒருமாதிரி தப்பி நின்றன. பள்ளத்தில் இருந்த பாதித் தோட்டம், கண்முன்னே வேகவைத்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. தகப்பனார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் மூவரும் வீட்டின் பின்புறமாக உள்ளே போய்விட்டார்கள்.

பெண்ணின் தாயார் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னைக்குப் பொண்ண அலங்காரம் பண்ணி நிறுத்துற மனசு எங்களுக்கு இல்ல தம்பி. இன்னொரு நாள் வாங்க."

"அலங்காரமெல்லாம் வேணாங்க. சும்மா பாத்துட்டுப் போறோம்" என்றான் அவன்.

"இந்தக் கோலத்துலயா? வேணாம் தம்பி."

தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கீழே வந்தால் பஸ் இல்லை. குளிரில் எஞ்சின் கிளம்பவில்லை, மத்தியானமாவது வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். கண்டிப் பாதையில் நடக்கத் தொடங்கினோம். சப்பாத்து கடித்து அவன் நொண்டினான். "நீதான சும்மா நின்ன, ஒரு மொகத்தையாவது பாத்திருக்கலாம்ல" என்று வழியெல்லாம் என்னிடம் சண்டை. சும்மா நின்றேனாம். என் கை கொப்பளித்திருந்தது. சாயங்காலம் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லொறிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு எங்களை ஏற்றிக்கொண்டான். எனக்குக் காய்ச்சல் வந்து, லீவுக்கு மேல் லீவு எடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். மாசி பிறந்ததும் சின்னம்மா மூலம் சேதி வந்தது. மாப்பிள்ளை கால் வைத்த அன்றே பயிர் கருகிவிட்டதாம்; ராசி சரியில்லையாம்; வேறிடம் பார்த்துக்கொள்கிறார்களாம். அவன் அச்சகத்து வாசலுக்கே வந்துவிட்டான்.

"நாளக் குறிச்சது அவரு. தண்ணி தூக்கினது நாம. ராசி மட்டும் எனக்கா?"

கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் பாதித் தோட்டத்தைப் பறிகொடுத்த மனிதரிடம் போய் அதைக் காட்டவா முடியும்?

மறுவருஷம் பிலிமத்தலாவையில் ஒரு பெண்ணை அவனுக்குப் பேசினார்கள். பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டான். இந்தத் தடவை தாய்மாமனுக்கு முழங்கால் நன்றாக இருந்ததால், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.