முன் சக்கரம் இழுத்த வண்டி

அம்புரோஸ் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட, பக்கத்தில் பிலோமி பல் தெரிய நிற்க, அவர் மட்டும் யாரோ காலை மிதித்துவிட்டதுபோல நிற்பார். கோபக்காரர் என்று சொல்ல முடியாது. முகம் அப்படி அமைந்துவிட்டது.

பிறந்தது ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர். யுத்த காலத்தில் அம்புரோஸ் ஆவடியில் ராணுவ லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு பதினோரு வருஷம் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். அதன்பின் எண்ணூரில் இரும்பு வார்க்கும் ஆலையில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தார். ஆலைக்குப் பக்கத்திலேயே, எர்ணாவூரில், லைன் வீடு. பிலோமி, ஒரே மகள் டோரதி, அவர். அவ்வளவுதான் குடும்பம்.

அந்த ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி உண்டு. அதை இழுத்தால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். உப்பளத்துச் சேறானாலும் முகத்துவார மணலானாலும் நாலு சக்கரமும் தரையைக் கடித்துக்கொண்டு ஏறிவிடும். எங்கும் நிற்காது. ஆனால் ஓட்டுகிறவனின் இடுப்பை வாங்கிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்புரோஸ் சுவரில் முதுகைச் சாய்த்து அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். வண்டி ஓட்டுவது அவருக்கு மூட்டை தூக்குவதுபோல ஒரு வேலை. அதில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அறுபத்தேழில் புது உலை அமைக்க ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் வந்தார். அவரோடு கப்பலில் ஒரு சின்ன சாம்பல் நிறக் கார் வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் தரையிலிருந்து முளைக்காமல், குடைக் கைப்பிடி மாதிரி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து அதை ஓட்டி வர அம்புரோஸை அனுப்பினார்கள். இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திருவொற்றியூர் தாண்டிக் கடலோரமாக ஒரு வளைவு. பழக்கத்தில் அம்புரோஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இன்ஜினியர் கையை ஆட்டி, எடுக்காதே, அழுத்து என்று சைகை காட்டினார். பயந்துகொண்டே அழுத்தினார். பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி என்றால் அந்த இடத்தில் முதுகைக் கடலுக்குக் காட்டியிருக்கும். இது அப்படிச் செய்யவில்லை. முன் சக்கரங்களே இழுக்கிற வண்டி. வளைவுக்குள் மூக்கை நுழைத்து, ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது. மெத்தென்ற ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் உடம்பு கொஞ்சம் ஆடியது, இடுப்பு வலிக்கவில்லை. வலப்பக்கம் கடல் அவ்வளவு நீளம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் சுயம்பு அவரை உற்றுப் பார்த்தான்.

"இன்னாண்ணே, பல்லு வலியா?"

"இல்லியே. ஏன்டா?"

"மூஞ்சி ஒரு மாதிரி கீது."

அதன்பின் இரண்டு வருஷம் பகலில் ஜீப், மாலையில் இன்ஜினியரை வீட்டில் விட அரைமணி நேரம் கார். ஜீப்பை நாளெல்லாம் ஓட்டியதற்குக் கூலியாக அந்த அரைமணி நேரம் கிடைக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

வண்ணாரப்பேட்டை மெக்கானிக் ரஷீதுக்கு இது பிடிக்கவில்லை. ஆலை வண்டிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை வருவார். டீக்கடையில் இருவருக்கும் இதே சண்டைதான்.

"அது இன்னா வண்டி மாமு, கொசு மாதிரி. ஜீப்புல ஃபோர் வீல போட்டுகினு மணல்ல ஏறு. அது மஜா."

"அது வண்டியே இல்ல பாய், எருமை. போவும், ஒத்துக்கறேன். போவறதுக்கும் ஓட்டறதுக்கும் வித்தியாசம் கீது."

"ஓட்டு, ஓட்டு. முன்னாடி எஞ்சின் வெயிட்டு கீறதாலதான் ஒன் கொசு தரைய புடிச்சுகினு இழுக்குது. பின்னாடி நாலு பேர ஏத்திப் பாரு, மூக்கத் தூக்கினு பேஜார் பண்ணும்."

"தொர ஒருத்தர்தானே வராரு. அவரும் முன்னாடி குந்துவாரு."

"தொரக்கித்தான் வண்டி. ஒனக்கு இன்னா மாமு?" என்று ரஷீது சிரித்தார். அம்புரோஸ் டீயைக் குடித்து முடித்தார்.

அறுபத்தொன்பது கார்த்திகையில் டோரதி தலைப்பிரசவத்துக்கு எர்ணாவூர் வந்திருந்தாள். புருஷன் கப்பலில் வேலை, எங்கோ நடுக்கடலில் இருந்தான். மூன்று நாளாக மழை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே அவளுக்கு வலி எடுத்தது. பிரசவம் பார்த்துப் பழகிய பக்கத்து வீட்டு ரோசி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிலோமியைத் தனியே கூப்பிட்டாள்.

"இது சரியில்ல அக்கா. நம்மளால ஆவாது. ஒடனே ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடு."

பஸ் ஓடவில்லை. அம்புரோஸ் நனைந்துகொண்டே ஆலைக்கு ஓடினார். இன்ஜினியர் பெங்களூர் போயிருந்தார். இரண்டு வண்டிகளும் ஷெட்டில் இருந்தன, இரண்டு சாவிகளும் ஒரே பலகையில் தொங்கின.

"ஜீப்ப எடுண்ணே," என்றான் சுயம்பு. "திருவொத்தியூராண்ட அலை மண்ண ரோட்டுக்குத் தள்ளினு கீது. காலைல லாரியே மாட்டிகிச்சாம்."

"புள்ளத்தாச்சிடா. அதுல போட்டு குலுக்கினு போவச் சொல்றியா?"

சொன்னது பொய்யில்லை. அந்த ஜீப்பில் நல்ல உடம்புக்காரனே அலறுவான். ஆனால் சுயம்பு வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கை காரின் சின்னச் சாவியை எடுத்துவிட்டிருந்தது. மழையில் ஓடி வரும்போதே, இவ்வளவு பயத்துக்கு நடுவிலும், ஞாயிற்றுக்கிழமையான இன்றைக்கும் அந்த வண்டி கிடைக்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று எழும்பியதை அவர் அறிவார். பிற்பாடு எத்தனையோ முறை அதை மறந்துவிடப் பார்த்தார், முடியவில்லை.

பின் சீட்டில் டோரதி நடுவில், இரண்டு பக்கமும் பிலோமியும் ரோசியும். முன்னால் அவர் மட்டும். முதல் மூன்று மைல் பூப்போலப் போயிற்று. சாலையில் தண்ணீர் ஓடியது. வண்டி அதைக் கிழித்துக்கொண்டு போனது. வளைவு வந்தது. அவர் காலை எடுக்கவில்லை, அழுத்தினார். முன் சக்கரங்கள் இழுத்தன.

வளைவு முடிந்த இடத்தில் மணல் இருந்தது. சாலைக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு, ஈரமாக. அம்புரோஸ் பிரேக்கை மிதிப்பதற்குள் மூக்கு அதில் ஏறிவிட்டது.

முன் சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தார், அப்போதும் சுற்றின. பின் சீட்டில் மூன்று பேர் கனம். முன்பக்கம் லேசாகி, சக்கரம் தரையைப் பிடிக்காமல் மணலைத் தோண்டிக்கொண்டே போனது. ரஷீது டீக்கடையில் சிரித்தது அவர் காதில் கேட்டது. வலது கை தானாகவே கீழே போய்க் குட்டைக் கம்பியைத் தேடியது. அங்கே அப்படி ஒன்று இல்லை.

"இன்னாங்க ஆச்சு?" என்றாள் பிலோமி. டோரதி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

பக்கத்து மீனவர் குப்பத்துக்கு ஓடினார். கதவுகளைத் தட்டி, ஆட்களைக் கூட்டி வருவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆறு பேர் வந்து தள்ளினார்கள். பிலோமியும் ரோசியும் இறங்கி மழையில் நின்றார்கள். அப்போதும் அசையவில்லை.

"முன்னாடி ஏறிக் குந்துங்கப்பா, பேனட்டு மேல!" என்று அம்புரோஸ் கத்தினார்.

"இன்னாபா, தேரா இது?" என்றான் ஒருவன். ஆனாலும் ஏறி உட்கார்ந்தான், இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் தள்ள, சக்கரம் ஒருவழியாகத் தரையைப் பிடித்தது. முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ஆண் குழந்தை. அழவே இல்லை.

நர்ஸ் நல்லவள். அம்புரோஸ் வராந்தாவில் அவளை நிறுத்தி, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டார். "கொடி சுத்தியிருந்ததுங்க. முன்னாடியே வந்திருந்தாலும் இன்னா ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுங்க," என்றாள். சொல்ல முடியாது என்பது அவருக்குப் போதவில்லை. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். காசிமேட்டுக் கல்லறையில், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த ஓரத்தில் புதைத்தார்கள். பெட்டியை அம்புரோஸே தூக்கிக்கொண்டு போனார். அதில் கனமே இல்லை.

ஜீப் சாவியும் அதே பலகையில் தொங்கியது என்பது சுயம்பு ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டான். அவர் முகத்தைப் பற்றி மட்டும் பிறகு அவன் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பினார். காரைத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போனதும் அம்புரோஸ்தான். வளைவில் காலை எடுத்துவிட்டு மெதுவாகத் திருப்பினார். இன்ஜினியர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

எழுபத்தொன்றில் டோரதி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை அம்புரோஸ் ஒரு மாதம் முன்னதாகவே மேனேஜரிடம் ஜீப் கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் அம்புரோஸின் தங்கை வீடு. அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுவதென்று ஏற்பாடு. பிலோமி பாத்திரங்களோடு முதல் நாளே போய்விட்டாள். பங்குனி மாதம், மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. தார்ச்சாலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அம்புரோஸ் நடை வேகத்தில் ஓட்டினார். ஜீப் உறுமிக்கொண்டே போனது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோரதி கீழே பார்த்தாள்.

"இன்னா நைனா, இந்தக் கம்பிய இழுத்து வச்சிருக்க? இது சேத்துக்குத்தானே?"

காய்ந்த சாலையில் நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் டயரும் தேயும், உள்ளே பல்சக்கரமும் உடையும். அது அவருக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். வளைவு வந்தது. அன்றைக்கு மாட்டிக்கொண்ட இடம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"டோரதி. அன்னிக்கி இந்த ஜீப்பும் ஷெட்டுலதான் இருந்துச்சு."

அவள் கடல் பக்கம் திரும்பினாள்.

"சுயம்பு இதத்தான் எடுக்கச் சொன்னான். நீ குலுங்கக்கூடாதுன்னு அத எடுத்தேன்னு அவன்கிட்ட சொன்னேன். அதுக்காக மட்டும் இல்லம்மா."

"தெரியும் நைனா."

"சுயம்பு சொன்னானா?"

"யாரும் சொல்லல. கண்ணாடில பாத்தேன். நீ சிரிச்சுகினு ஓட்டினு இருந்த."

அம்புரோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அன்னிக்கி எனக்கு உயிரு போவுது," என்றாள் டோரதி. கடலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "கண்ணத் தொறந்தா கண்ணாடில ஒன் மூஞ்சி. நீ அப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சரி, நைனாவே சிரிக்கிறாரு, அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுகினேன்."

ஒரு உப்பு வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. டோரதி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு நைனா. அம்மா காத்துகினு இருக்கும்."

எடுத்தார். குட்டைக் கம்பியை அவர் தள்ளவில்லை, அவளும் தள்ளச் சொல்லவில்லை. காய்ந்த சாலையில் நாலு சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ராயபுரம் வரைக்கும் உறுமிக்கொண்டே போயின.