முதலில் காட்டாத ரத்தச் சீட்டு

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் என்னோடு அறையில் இருந்தவர் இங்கேயே நிக்காஹ் செய்யப் போனார். அதற்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டுமாம். துணைக்குப் போன எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் எனக்கும் பெண் பேசி முடித்திருந்தார்கள். நானும் கையை நீட்டினேன்.

தலசீமியா என்று வந்தது, ஏதோ ரத்த நோயாம். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். டாக்டர் சிரித்தார். எனக்கு நோய் இல்லையாம், ரத்தத்தில் அதன் கூறு மட்டும் இருக்கிறதாம். கட்டப்போகிற பெண்ணுக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு நோயாக வரலாம் என்றார்.

உம்மாவிடம் போனில் சொன்னேன். "வாயத் தொறக்காத மவனே. நல்லாத்தானே இருக்கே? அல்லா நாடுனதுதான் நடக்கும்."

நான் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். என் சீட்டை மறைத்துக்கொண்டு, பெண்ணுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி மாமா மூலம் சொல்லியனுப்பினேன். பெண் வீடு கொதித்துப்போனது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன் பெண்ணை லேபுக்கு அழைத்தால், அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் தமிழ் தெரிந்த ஹஜ்ரத்தைப் பிடித்தேன். நான் கடையில் டார்ச், பல்பு விற்பவன் என்று அவருக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ரத்தம் பாக்காட்டி நிக்காஹ் கூடாதா ஹஜ்ரத்?"

"கூடும். ஆனா கீறல் விழுந்த டார்ச்ச காட்டித்தானே விப்பே?"

"நான் என்ன சரக்கா?"

"பயந்தாங்கொள்ளிச் சரக்கு," என்று சிரித்தார். "யாவாரத்துலயே குறைய மறைக்கக் கூடாதுன்னா, ஆயுசுக்கும் கூட வாழப்போறவகிட்ட மறைக்கலாமா? பொறக்கப்போற புள்ளைக்குத் தீங்கு வராமத் தடுக்குறதும் மார்க்கம்தான். மொதல்ல உன் சீட்டக் காட்டு. அப்புறம் அவங்கள்ட்ட கேளு."

"அல்லாமேல பாரத்தப் போட்டாப் போதாதா?"

"போடு. ஒளிச்சு வச்சிட்டுப் போடாதே."

அன்றே பெண்ணின் வாப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ளதச் சொன்னீங்க தம்பி, சந்தோஷம். ஆனா இவள லேபுக்குக் கூட்டிட்டுப் போயி, ஒண்ணுன்னு வந்துட்டா அப்புறம் யாரு இவளக் கேட்டு வருவா? வேணாம். இதோட விட்டுருவோம்."

உம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அறையில் இருந்தவர் நிக்காஹ் முடித்து மனைவியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. சீட்டு என் பாஸ்போர்ட் உறைக்குள் கிடக்கிறது. ஊரில் பேசிய பெண்ணின் ரத்தத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.