வெஸ் உயிரோடிருக்கிறான்

நம்புவது உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. அன்று பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த மார்சியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். எங்கள் கணினி ஓயாமல் இணையப் பக்கங்களைப் படித்து, தானாகவே உண்மைகளைக் கற்றுக்கொள்ளும். இரண்டு பக்கங்களாவது ஒத்துச் சொன்னால்தான் எதையும் நம்ப வேண்டும் என்று பழக்கியிருந்தோம். சந்தேகமானவை என் திரைக்கு வரும். 'சரி' அல்லது 'தப்பு' என்று நான் அழுத்த வேண்டும். 'தப்பு' என்றால் அதை அடியோடு மறந்துவிடும்.

என் தம்பி வெஸ் வண்டியோடு காணாமல் போய் ஐந்து நாள். மலைப்பாதையில் பனிப்புயல். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அழவில்லை. வேலைக்கு வந்தேன். உள்ளே பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது.

மத்தியானம் திரையில் ஒரு வரி.

வெஸ் ஹ்ருஸ்கா: உயிரோடிருக்கிறான்.

எந்தப் பக்கத்தில் படித்தது என்று பார்த்தேன். அந்த இடம் காலி. படிக்காமல் அதற்கு எதுவும் தெரிய வழியில்லை.

"மார்சி, இங்க வாயேன்."

எட்டிப் பார்த்தாள்.

"க்வென்... போன வாரம் உருளைக்கிழங்கை நாட்டுத் தலைவர்னு சாதிச்ச மெஷின்டி இது. அவன் காணாமப் போனதா பேப்பர்ல வந்ததைப் போட்டுக் குழப்பியிருக்கும்."

"பக்கமே காட்டலையே?"

"அப்ப தப்புதான். நாம வச்ச சட்டம்தானே?"

நான் அழுத்தவில்லை. போலீசுக்குப் போன் செய்து, வெஸ் உயிரோடிருக்கிறான் என்றேன்.

"யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கல. கணினி சொல்லுது."

"கொஞ்சம் தூங்குங்கம்மா."

புது வரிகள் நாளுக்கு ஒருமுறைதான் வரும். அன்று...

வெஸ் ஹ்ருஸ்கா: குளிரில் இருக்கிறான்.

நிமிடம்கூட ஆகவில்லை.

வெஸ் ஹ்ருஸ்கா: விழித்திருக்கிறான்.

பிறகு...

வெஸ் ஹ்ருஸ்கா: அக்காவைக் கூப்பிடுகிறான்.

மார்சியின் முகம் வெளுத்தது. "எவனோ விளையாடறான். அழுத்திடு. உன்னால முடியலன்னா நான் அழுத்தறேன்."

"வேண்டாம். நானே."

விரல் என்னுடையதாக இல்லை.

தப்பு.

தப்பு.

தப்பு.

மிஞ்சியது முதல் வரி. அது மட்டும் மெல்லத் துடிப்பதுபோல் இருந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு.

திரை வெறுமையானது. மணி நாலு பத்து.

எனக்குள் எதுவும் அசையவில்லை. அதுகூட நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, பனி வாரும் வண்டிக்காரர் ஒருவர் பள்ளத்தில் வெஸ்ஸின் வண்டியைக் கண்டார். அவன் உள்ளே இருந்தான்.

டாக்டரிடம் கேட்டேன். "புயல் அன்னைக்கே போயிட்டானா?"

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. பனியை உருக்கிக் குடிச்சுத் தாக்குப்பிடிச்சிருக்கார். நேத்து சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கு... நாலு மணி சுமாருக்குத்தான்..."